மாதோட்டக் கரையிற் பெருங்கற்கள்

"அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலம் வழங்கும் பழமொழி. விடாமுயற்சியைப் புகழ்வதற்கே இதனைப் பலரும் எடுத்தாள்வர். ஆயினும், சொல்லின் நேர்ப்பொருளை நோக்கின், கனத்த கல்லொன்றை இடம்பெயர்த்தற்குரிய முறையே அதிற் கூறப்பட்டுள்ளது. பெரும் பாரத்தை ஒரே மூச்சில் எவராலும் நகர்த்தல் இயலாது. சிறிது சிறிதாகவே நகர்த்தல் வேண்டும். மன்னர்களின் போரையும் முடிசூட்டையும் விரித்துரைக்கும் வரலாற்று நூல்கள், அம்மன்னர் எடுப்பித்த கோயிலுக்கும் கோட்டைக்கும் உரிய கற்கள் எவ்விடத்திலிருந்து வந்தன, எவர் தோளில் வந்தன, எவ்வாறு இருத்தப்பட்டன என்பவற்றைப் பெரும்பாலும் சொல்லாது விடுகின்றன. மன்னார்த் தீவும் அதன் எதிர்க்கரையாகிய மாதோட்டமும் இவ்வினாக்களை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற களங்களாம். கனத்த பொருளை நகர்த்துதற்கும் நிறுவுதற்கும் இயற்கை இங்கு வைத்துள்ள தடைகள் பல. அத்தடைகளை மக்கள் வென்ற வரலாறு ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது.

நிலத்தின் இயல்பு

இலங்கையின் பெரும்பகுதி பழமையான கடும்பாறையாலானது. வடமேற்குக் கரையோரமும் யாழ்ப்பாணக் குடாநாடும் இதற்கு விலக்கு. இங்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன்மேல் மணலும் களிமண்ணும் படிந்துள்ளன. மன்னார்த் தீவிற் கிணறு தோண்டுவோர் மணலையும் சுண்ணாம்புக்கல்லையும் காண்பர், கருங்கல்லைக் காணார். கருங்கற்பாறை வேண்டுமாயின் அருவியாற்றின் வழியே வன்னியின் உட்பகுதிக்குச் செல்லல் வேண்டும். அன்றேல் கடல் கடந்து தமிழகம் செல்லல் வேண்டும். ஆதலின், மாதோட்டத்திற் காணப்படும் ஒவ்வொரு கருங்கல்லும் வேற்றிடத்திலிருந்து கொணரப்பட்டது என்று துணியலாம். இவ்வொரு செய்தியே வரலாற்று மாணவனுக்குப் பெருந்துணையாவது. கல்லே இல்லாத நிலத்திற் கற்றூணொன்று நிற்பின், அதனைக் கொணர்ந்த ஒரு கூட்டமும், கொணர்வித்த ஓர் அதிகாரமும், கொணரத் தூண்டிய ஒரு நோக்கமும் இருந்தன என்பது தெளிவு.

கடலின் இயல்பும் எளிதன்று. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே இராமர் அணை எனப்படும் மணற்றிட்டுகள் தொடராக உள்ளன. அவற்றின் இருபுறத்தும் கடல் ஆழங் குறைந்தது. பெருங்கப்பல்கள் கரையை அணுகுதல் அரிது. தோணியும் வத்தையும் வள்ளமுமே இக்கடலுக்கு உரியவை. தோணியில் ஏற்றிய பாரம் கரைக்கு வந்தபின்னும் தொல்லை தீர்வதில்லை. ஈரமணலிற் கனத்த கல் புதையும். மாரிக்காலத்துச் சேற்றில் வண்டிச்சக்கரம் அழுந்தும்.

பாரத்தின் அளவை ஒரு சிறு கணக்காற் காணலாம். 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 1 அடி தடிப்பும் உள்ள கருங்கல் 12 கன அடி கொண்டது. கன அடி ஒன்று ஏறத்தாழ 168 இறாத்தல் நிறையுடையது ஆதலின், அக்கல் 2,000 இறாத்தலுக்கு மேற்படும். அஃதாவது ஒரு தொன்னுக்குச் சற்றே குறைவு. ஆளுக்கு 100 இறாத்தல் வீதம் பகிரினும், அதனைத் தூக்க இருபதின்மர் வேண்டும். 6 அடி நீளக் கல்லைச் சுற்றி இருபதின்மர் நிற்றற்கு இடமில்லை. எனவே ஆளின் வலிமை மட்டும் போதாது. காவுதடியும் கயிறும் உருளையும் நெம்புகோலும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பண்டைத் துறைமுகம்

மாந்தை, மாதோட்டம், மகாதீர்த்தம் எனப் பலவாறு வழங்கிய இத்துறையின் தொன்மை நன்கு அறியப்பட்டது. விசயனுக்கு மணமகளாகப் பாண்டிநாட்டு அரசகுமாரி அனுப்பப்பட்டபோது, அவளோடு யானைகளும் குதிரைகளும் தேர்களும் பதினெண் தொழிற்குழுக்களைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்களும் மகாதீர்த்தத்தில் வந்திறங்கியதாக மகாவமிசம் கூறும். இது கதையோடு கலந்த செய்தியாயினும், அந்நூல் எழுந்த காலத்தில் யானை போன்ற பெரும் பாரங்களையும் தொழில் வல்லோரையும் ஏற்றியிறக்கும் துறையாக மாதோட்டம் கருதப்பட்டமை இதனாற் புலனாகும். இலங்கை யானைகளைப் பெரிய மரக்கலங்களில் ஏற்றிக் கலிங்கத்துக்குக் கொண்டுசென்று விற்றனர் என ஈலியன் என்னும் பழைய ஆசிரியர் எழுதியுள்ளார். அசையும் பாரமாகிய யானையைக் கலத்தில் ஏற்றத் தெரிந்த மக்களுக்கு அசையாப் பாரமாகிய கல்லை ஏற்றுதல் இயலாத செயலாய் இருந்திராது.

மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல், சிரான் தெரணியகல முதலியோர் நிகழ்த்திய அகழ்வாய்வு, சீன நாட்டு மட்பாண்டங்களும் மேற்காசியக் கண்ணாடிப் பொருள்களும் இங்கு வந்து குவிந்தமையை வெளிப்படுத்தியது. பின்னர் நிகழ்ந்த ஆய்வில் மிளகும் கிராம்பும் கிடைத்தன. குதிரை இலாடம் போன்று வளைந்த மேடும், அதனைச் சூழ்ந்த அகழியும் நகரத்தின் எல்லையை இன்றும் காட்டி நிற்கின்றன. ஞானசம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்தைப் பாடிய காலத்திற் கலங்கள் மலிந்த துறையாக இது விளங்கியமை அவர்தம் பதிகங்களால் அறியப்படும்.

சோழராட்சிக் காலத்து மாதோட்டம் இராசராசபுரம் என்னும் பெயரையும் பெற்றது. தாழிகுமரன் என்னும் சோழ அதிகாரி இங்கு இராசராச ஈச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்த செய்தியைக் கூறும் கல்வெட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. மாதோட்டத்துக்கு வந்த கல் மாதோட்டத்தை விட்டுத் தலைநகர் சென்றுவிட்டது. மன்னார்க் கச்சேரியில் இருந்த ஒன்பதாம் நூற்றாண்டுச் சிங்களத் தூண் கல்வெட்டும், தான் முதலில் நின்ற இடத்திலிருந்து பிற்காலத்தாரால் அங்குக் கொணரப்பட்டதேயாம். கல்வெட்டைப் படிப்போர் எழுத்தை மட்டும் நோக்குதல் போதாது. கல் எவ்விடத்திலிருந்து எவ்விடத்துக்கு நகர்ந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

உள்நாட்டில், அருவியாற்றின் குறுக்கே அமைந்த தேக்கம் என்னும் பழைய அணை, செதுக்கிய பெருங்கற்களால் ஆயது. கட்டுக்கரைக்குளத்துக்கு நீர் திருப்பும் நோக்கத்தோடு எழுந்தது அது. இப்பகுதியிற் பெருங்கல் வேலை கோயிலுக்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை. வயலுக்கும் உரியதாய் இருந்தது. ஆற்றுநீர் மோதும் இடத்திற் கல்லோடு கல்லைப் பொருத்தி அசையாது இருத்தத் தெரிந்த கைகளே கோயிலின் அடித்தளத்தையும் அமைத்திருத்தல் கூடும்.

நகர்த்தும் முறை

கல்லை நகர்த்தும் வேலை பாறையிலேயே தொடங்குகின்றது. பாறையின்மீது வரிசையாகச் சிறு குழிகளை உளியாற் குடைந்து, அவற்றில் ஆப்பு இறுக்கிப் பிளத்தல் பண்டை முறை. மாமல்லபுரத்துப் பாறைகளில் அக்குழிவரிசைகளை இன்றும் காணலாம். பிளந்த கல்லைப் பாறையருகிலேயே ஓரளவு செதுக்கி வேண்டாத பகுதியை நீக்கிவிடுவர். வழியிற் சுமக்கும் பாரத்தைக் குறைப்பதற்கு இதனினும் சிறந்த வழி இல்லை. பின்னர்க் கடப்பாரையால் நெம்பி, அடியில் உருளைக்கட்டைகளை இட்டு, வடம் பூட்டி இழுப்பர். உயரத்துக்கு ஏற்றவேண்டின் மண்ணாற் சாய்தளம் அமைப்பர். வேலை முடிந்தபின் அம்மண்ணை அகற்றிவிடுவர்.

இம்முறை தமிழர் வாழ்வில் மறைந்து போகவில்லை. ஆண்டுதோறும் கோயில் வீதிகளில் ஓடும் தேரே அதற்குச் சான்று. "ஊர் கூடித் தேர் இழு" என்பது ஒற்றுமைக்கு மட்டும் கூறிய அறவுரை அன்று. பாரம் நகர்த்தும் முறைக்கும் இலக்கணமாம். இழுப்போர் நூற்றுவராயினும், தேரைத் திருப்புவோன் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடும் ஒருவனே. வீதி குறுகும் இடத்தும் மூலை திரும்பும் இடத்தும் வடம்பிடிப்போரின் வலிமையைவிட முட்டுக்கட்டை இடுவோனின் கண்ணளவே தேரைக் காக்கின்றது. பாரத்தை அசைக்க வலிமை வேண்டும். அசைந்த பாரத்தை நிறுத்த அறிவு வேண்டும்.

பெருங்கல் பற்றிய மரபுகளை ஆராயாது ஏற்றலும் கூடாது. 1010 ஆம் ஆண்டு நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலின் உச்சியில் 80 தொன் நிறையுள்ள ஒரே கல் ஏற்றப்பட்டது என்று பலரும் எழுதுவர். அது பல கற்களைப் பொருத்தி அமைத்ததே என ஆய்வாளர் காட்டியுள்ளனர். இதனாற் பெருங்கோயிலின் பெருமை குன்றுவதில்லை. பெருங்கல்லைத் தூக்கிய வலிமைக்கு ஈடாகப் பல கற்களை ஒன்றே போலப் பொருத்திய நுட்பமும் போற்றத் தக்கதே.

நிறுவும் முறை

நகர்த்துதல் பாதி வேலை; நிறுவுதல் மறுபாதி. நிலத்தைத் தெரிதலும், குழி தோண்டி அம்மண்ணையே மீள இட்டு நிலத்தின் உறுதியைச் சோதித்தலும், நீரால் மட்டம் பார்த்தலும் மயமதம் முதலிய சிற்ப நூல்களிற் கூறப்பட்டுள்ளன. மாதோட்டம் போன்ற மணற்பாங்கான இடத்தில் இவ்விதிகள் வெறுஞ் சடங்காய் நின்றுவிடா. அடித்தளத்தின் ஒரு மூலை ஓர் அங்குலம் தாழினும், மேலே எழும் சுவரிற் பல அங்குலச் சாய்வு தோன்றும். சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிய கற்களில் அச்சாய்வு பிளவாக மாறும்.

இனி, கருவறையின் அமைப்பை நோக்குக. சன்னலற்ற, ஒரே வாயிலையுடைய சிறிய அறை அது. அதனுள்ளே மிகக் கனத்த பொருளாகிய சிவலிங்கம் நடுவே நிறுவப்படல் வேண்டும். இலிங்கத்தின் அடிப்பகுதி சதுரமாயும், நடுப்பகுதி எண்கோணமாயும், மேற்பகுதி உருளையாயும் செதுக்கப்படும். சதுரப்பகுதி அடியிலுள்ள ஆதாரக்கல்லின் குழியில் இறங்கும். எண்கோணப்பகுதியைச் சூழ ஆவுடையார் அமையும். உருளைப்பகுதியே வழிபடுவோர்க்குப் புலனாகும். இவ்வமைப்பிற் சமயத் தத்துவம் உண்டு. பொறியியல் நுட்பமும் உண்டு. சதுரமும் எண்கோணமும் குழியிற் பொருந்திய கல் சுழலாது. அடியில் ஆழ்ந்த கல் சாயாது. மேலிருந்து இறக்குதற்குரிய பெரும் இலிங்கமாயின் கூரை வேய்வதற்கு முன்னரே அதனை இருத்தல் வேண்டும். எனவே எது முன், எது பின் என்னும் வரிசையைத் தவறவிடின், முடிந்த சுவரை இடிப்பதன்றி வேறு வழியில்லை.

ஆவுடையாருக்கும் இலிங்கத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்புவது அட்டபந்தனம். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமைவெண்ணெய் என்னும் எட்டும் சேர்த்து இடிக்கப்பட்ட இக்கலவை, இளகிய நிலையில் இடுக்குகளிற் புகுந்து நாளடைவில் இறுகும். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதனைப் புதுப்பித்தல் மரபு. நிறுவிய பொருள் என்றும் நிறுவியபடியே நில்லாது, மீண்டும் மீண்டும் பார்த்துப் பேணல் வேண்டும் என்பதை நம் முன்னோர் சடங்காகவே விதித்துவிட்டனர்.

இத்தகைய நுட்பம் உலகின் பிற துறைகளிலும் உண்டு என்பதற்கு முற்றும் வேறுபட்ட ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். ஆங்கிலேயர் தம் கழகங்களில் விளையாடிய பிலியட்ஸ் மேசை 12 அடி நீளமும் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையும் உடையது. 1820களிலிருந்து அதன் ஆடுதளத்தை மரத்துக்குப் பதிலாகப் பலகைக்கல்லால் அமைக்கலாயினர். முழுமையாக அதனை எந்த வாயில் வழியாகவும் கொண்டுசெல்லல் அரிது. ஆதலின் ஐந்து கற்பலகைகளாகப் பிரித்துக் கொண்டுசென்று, அறையினுள்ளே சட்டத்தின்மேல் அடுக்கி, ஆப்பிட்டு மட்டம் பார்த்து, பொருத்துவாய்களைத் தேன்மெழுகால் அடைத்து, அதன்மேற் பச்சைத்துணி விரிப்பர். மயிரிழை அளவு தாழ்வு இருப்பினும் பந்து தன் வழியை மாற்றிவிடும். நீலகிரிக்குப் புகையிரதம் வருமுன்னரே, 1880களில், உதகமண்டலக் கழகத்தில் இத்தகைய மேசைமீது ஆட்டம் நடைபெற்றது. மலைப்பாதை வழியே வண்டியிலன்றி அக்கற்கள் ஏறியிரா. 1973 ஆம் ஆண்டு பம்பாயில் உலக பிலியட்ஸ் வாகைப்பட்டத்தை இலங்கைக்கு ஈட்டித்தந்த எம். ஜே. எம். லாபீரின் திறமையைப் போற்றுவோர், அவர் ஆடிய தளத்தை மட்டம் பார்த்து இருத்திய பெயரறியாத் தொழிலாளரையும் நினைத்தல் தகும். ஆலயத்து ஆவுடையாரும் கழகத்து மேசையும் தம்முள் எவ்வகையிலும் ஒவ்வா. ஆயினும், பிரித்துக் கொண்டுசெல்லுதல், மட்டம் பார்த்தல், இடுக்கை நிரப்பி ஒன்றாக்குதல் என்னும் மூன்றும் இரண்டற்கும் பொது. தேன்மெழுகும் பொதுவாய் அமைந்தது வியப்பே.

கோட்டைக்குச் சென்ற கற்கள்

1560 ஆம் ஆண்டு போர்த்துக்கேய இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தான். 1658 இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. 1696 ஆம் ஆண்டளவில் அவர்கள் அதனைத் திருத்திக் கட்டினர். 1795 இல் ஆங்கிலேயர் அதனைக் கொண்டனர். திருக்கேதீச்சரக் கோயிலைத் தகர்த்து அதன் கற்களைக் கொண்டே போர்த்துக்கேயர் இக்கோட்டையைக் கட்டினர் என்பது ஈழத்துச் சைவரிடையே வழிவழி வரும் மரபு.

இம்மரபை எவ்வாறு மதிப்பிடுவது? சார்பான நியாயங்கள் வலியன. கோட்டைக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 10 கிலோமீற்றர். இடையிலுள்ளது ஆழமற்ற நீர்ப்பரப்பு. வன்னிப் பாறையை உடைத்துக் கொணர்வதினும், செதுக்கி முடிந்த கல்லை அருகிலிருந்து எடுத்தல் எளிது. அந்நியர் அவ்வாறு செய்தமைக்கு ஐயமற்ற சான்றும் பிறிதோரிடத்தில் உண்டு. திருகோணமலையிற் கோணேசர் கோயில் 17 ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டபின், அதன் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன. தமிழ்க் கல்வெட்டுப் பொறித்த நிலைக்கல் அக்கோட்டை வாயிலிலேயே உள்ளது. எதிரான நியாயமும் கூறல் வேண்டும். இக்கரையோரத்துக் கோட்டைகளுக்குச் சுண்ணாம்புக்கல்லும் கடலிற் கிடைக்கும் பவளக்கல்லும் பெரிதும் பயன்பட்டன. யாழ்ப்பாணக் கோட்டை இதற்குச் சான்று. ஆதலின் மன்னார்க் கோட்டை முழுவதும் கோயிற் கல்லே என்று கூறுதல் மிகையாகும். கோயிற் கல் அங்குச் சென்றிராது என்று மறுத்தலும் பொருந்தாது. கோட்டைச் சுவரிலுள்ள ஒவ்வொரு கருங்கல்லையும் அளந்து, செதுக்கலின் பாங்கை நோக்கிப் பதிவுசெய்த பின்னரே முடிவு கூறல் அறிவுடைமை.

ஒன்று மட்டும் உறுதி. கல்லை இடம்பெயர்த்தற்கு வேண்டிய கைகள் இரு காலத்திலும் இக்கரையோரத்து மக்களின் கைகளே. ஒரு தலைமுறை பக்தியோடு தோளிற் சுமந்த கல்லைப் பிறிதொரு தலைமுறை கட்டளைக்கு அஞ்சிச் சுமந்திருக்கும். கல்லின் நிறை மாறவில்லை; சுமந்தோர் உள்ளத்து நிறை மாறியது.

இரும்பின் காலம்

இருபதாம் நூற்றாண்டிற் கல்லின் இடத்தை இரும்பு கொண்டது. 1914 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 இற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை புகையிரதப் பாதையும் பயன்பாட்டுக்கு வந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கேர்சன், எல்ஜின், ஹார்டிங் என்னும் நீராவிக் கப்பல்கள் ஓடின. இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய பாம்பன் பாலத்துக்குரிய இரும்பு உத்தரங்கள் இங்கிலாந்தில் வார்த்துக் கொணரப்பட்டன. கப்பல் செல்லுதற்காக நடுவில் அமைந்த பகுதி, சேர்சர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த முறையில் இரு இறக்கைகளாக மேலெழும். நூற்றுக்கணக்கான தொன் நிறையுள்ள அவ்விறக்கைகளைத் தொழிலாளர் கையாற் சுழற்றியே திறந்தனர். எதிர்ப்பாரம் சரியாக அமையின், பெரும் பாரமும் சிறு கைக்கு அடங்கும் என்பதற்கு அது நூறாண்டுக்கு மேல் நின்ற சான்று.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தின் 126 உத்தரங்கள் கடலில் வீழ்ந்தன. நடுவிலிருந்த தூக்குப்பகுதி மட்டும் தப்பியது. அதனைச் செப்பனிடும் பொறுப்பு ஈ. சிறீதரன் என்னும் இளம் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆறு மாதம் எனக் குறித்த தவணை பின்னர் மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. வேலையோ 46 நாளில் நிறைவேறியது. புதிய உத்தரங்களுக்குக் காத்திராது, கடலடியிற் கிடந்தவற்றை மீனவர் காட்டிய குறிப்பைக்கொண்டு தேடியெடுத்து மீளப் பொருத்தியமையே இவ்விரைவுக்குக் காரணம். நூலறிவும் கடலறிவும் ஒன்றுபட்ட இடம் இது. தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை. கப்பற் சேவை இராமேசுவரத்துக்கு மாறி, 1984 இல் நின்றுபோயிற்று.

இக்கரையில் அழிவு இயற்கையால் வரவில்லை, போரால் வந்தது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலங்கள் 1990 இல் தகர்க்கப்பட்டன. தெருப்பாலம் 2010 இலும், தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 2015 மார்ச் 14 இலும் மீண்டன. பாம்பனில் எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 இல் திறக்கப்பட்டது. அதன் தூக்குப்பகுதி 72.5 மீற்றர் நீளமும் 660 தொன் நிறையும் கொண்டது. கரையருகே பொருத்தப்பட்ட அப்பகுதியை, வளைந்த பாதை வழியே, கடலுக்கு மேலாக, நாளுக்குச் சில மீற்றர் வீதம் மாதக்கணக்கில் நகர்த்தி நடுவிடத்திற் சேர்த்தனர். கணிப்பொறியும் நீரழுத்தக் கருவியும் வந்த காலத்திலும், அடிமேல் அடி வைத்தே அப்பெரிய அம்மி நகர்ந்தது.

மீண்டு வந்த கற்கள்

திருக்கேதீச்சரத்தின் மறுமலர்ச்சிக்கு முதற்குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். 1872 ஆம் ஆண்டளவில் அவர் விடுத்த வேண்டுகோள் அவர் வாழ்நாளிற் கைகூடவில்லை. 1893 இற் கோயில் இருந்த நிலம் ஏலத்தில் வாங்கப்பட்டது. 1894 இல் அவ்விடத்தை அகழ்ந்தபோது சிவலிங்கம் வெளிப்பட்டது. மண்ணுள் மறைந்த கல்லே கோயிலின் எல்லையைக் காட்டும் சாசனமாயிற்று. 1903 இற் சிறு கோயிலொன்று எழுந்து குடமுழுக்குப் பெற்றது. 1948 இற் சேர் கந்தையா வைத்தியநாதன் தலைமையில் திருப்பணிச் சபை அமைந்தபின் வேலை விரிந்தது. 1976 இற் பெருங் குடமுழுக்கு நிகழ்ந்தது. 1990 இல் மூண்ட போரால் வழிபாடு தடைப்பட்டு, பல ஆண்டு கழித்தே மீண்டது.

அதன்பின் கோயிலை முழுவதும் கருங்கல்லாலேயே அமைக்கும் திருப்பணி, இந்திய அரசின் உதவியோடும் மாமல்லபுரச் சிற்பிகளின் கைவண்ணத்தோடும் தொடங்கியது. 2022 ஜூலை 6 இற் குடமுழுக்கு நிறைவேறியது. மாதோட்டத்திற் கருங்கல் இல்லை என்று முன்னர்க் கூறியது இங்கு நினைக்கத்தக்கது. சோழர் காலத்துச் சிற்பி எதிர்கொண்ட தடை இக்காலச் சிற்பிக்கும் இருந்தது. கல் வேறிடத்திற் பிறந்து, செதுக்குண்டு, வழிநடந்து வந்தே இம்மண்ணில் நிற்றல் வேண்டியிருந்தது. சுமக்கும் கருவிகள் மாறின. வரிசைப்படி பொருத்துதலும், மட்டம் பார்த்தலும், இறுதியில் அட்டபந்தனம் சாத்துதலும் மாறவில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, கல் ஒரு சாசனம். அதன்மீது எழுத்து இல்லையாயினும், அது கடந்துவந்த வழியே எழுத்தாகும். இரண்டாவது, பாரத்தைப் பெயர்த்தெடுத்தல் பகைவர்க்கும் இயலும். பழுதின்றி நிறுவுதல் அன்புடையார்க்கே இயலும். கோட்டைக்குச் சென்ற கல் காவற்சுவராயிற்று. கோயிலிற் பொருந்திய கல் வழிபாடாயிற்று. மூன்றாவது, மன்னர், பிரதிநிதி, பொறியியலாளர் ஆகியோரின் பெயர்கள் நின்றன. கடப்பாரை பிடித்தோர், முட்டுக்கட்டை இட்டோர், கடலடியில் உத்தரம் கிடந்த இடத்தைக் காட்டியோர் ஆகியோரின் பெயர்கள் நிற்கவில்லை.

அப்பெயர்களை இனி மீட்டல் அரிது. அவர் கைபட்ட கற்களையேனும் காத்தல் இயலும். மன்னார்க் கோட்டையிலும் மாந்தை மேட்டிலும் தேக்கத்து அணையிலும் கவனிப்பாரற்றுக் கிடக்கும் கற்களை அளந்து, படமெடுத்து, குறித்து வைத்தல் கல்லூரி மாணவர்க்கு இயலாத வேலையன்று. அளவுகோலும் குறிப்பேடும் விடுமுறை நாள்கள் சிலவுமே அதற்கு வேண்டுவன. கோட்டைக் கற்கள் எங்கிருந்து சென்றன என்னும் நெடுநாள் வினாவுக்கு விடை அவ்வழியே பிறத்தல் கூடும்.

சிவராத்திரி நாளில் திருக்கேதீச்சரஞ் செல்லும் அடியார், பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் முகந்து வந்து, மகாலிங்கத்தின்மீது தம் கையாலேயே சொரிந்து வணங்குகின்றனர். முதியோரும் சிறுவரும் தத்தமக்கு இயன்ற அளவு சிறு குடங்களைச் சுமந்து வருவர். பெருங்கல்லைச் சுமந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் அக்கல்லின்மேற் சொரியச் சுமந்து வரும் நீர் அது. சுமந்து வருதல் என்னும் அத்தொண்டு இக்கரையில் இன்னும் ஓயவில்லை.